டாக்டர் எழுதிய அரைப் பக்கம்

1898ஆம் ஆண்டு ஜூன் மாதம். லண்டனில் பிரையன்ட் அண்ட் மே என்ற தீப்பெட்டிக் கம்பெனி கோர்ட்டில் நின்றது. குற்றம் என்ன தெரியுமா? அங்கே வேலை பார்த்த 17 பேருக்குத் தாடை எலும்பு அழுகும் நோய் வந்ததை அரசுக்குத் தெரிவிக்காமல் விட்டது. அந்த 17 பேரில் 6 பேர் இறந்துவிட்டார்கள். தண்டனை? மொத்தம் 25 பவுண்டு சொச்சம் அபராதம்!

கவனியுங்கள். நோய் வரவழைத்ததற்காக அபராதம் இல்லை. சொல்லாமல் மறைத்ததற்காகத்தான் அபராதம்.

அந்தக் காலத்தில் தீக்குச்சி மருந்தில் வெள்ளைப் பாஸ்பரஸ் சேர்ப்பார்கள். அதன் புகை சொத்தைப் பல் வழியாக எலும்புக்குள் இறங்கும். முதலில் சாதாரணப் பல்வலி. பிறகு தாடை வீங்கிச் சீழ் பிடிக்கும். கடைசியில் எலும்பையே அறுத்து எடுக்க வேண்டும். பிற்காலத்தில் சென்னை அடையாறில் வாழ்ந்த அன்னி பெசன்ட், 1888ல் இதே கம்பெனியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். முந்தைய வருடம் பங்குதாரர்களுக்கு 23 சதவீதம் டிவிடெண்ட் கொடுத்த கம்பெனி, வேலை செய்யும் பெண்களுக்குச் சில ஷில்லிங் கூலி கொடுக்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அடுத்த மாதமே பெண்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள்.

டிவிடெண்ட் கணக்கு எல்லோருக்கும் தெரியும். அழுகிய தாடைகளின் கணக்கு எங்கே இருந்தது? எந்தப் பேரேட்டிலும் இல்லை. அதை எழுத வைக்கத்தான் சட்டம் டாக்டர்களைப் பிடித்தது.

பல்லைப் பார்த்து வயது சொன்ன டாக்டர்கள்

தொழிற்சாலைச் சட்டத்துக்குள் டாக்டர் முதலில் நுழைந்தது காயத்துக்காக இல்லை, வயதுக்காக. 1833ஆம் ஆண்டுச் சட்டம் 9 வயதுக்குக் குறைந்த குழந்தைகளைத் துணி ஆலைகளில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. இங்கிலாந்தில் அப்போது பிறப்புப் பதிவு முறையாக இல்லை. அதனால் ஒரு டாக்டர் குழந்தையின் உயரத்தையும் பல்லையும் பார்த்து, வயதுக்கேற்ற வளர்ச்சி இருக்கிறது என்று சான்று கொடுத்தால் போதும்.

1844ல் வந்த சட்டம் இன்னும் ஒரு படி போனது. சான்று கொடுக்கும் டாக்டர்களை இனி தொழிற்சாலை ஆய்வாளர்களே நியமிப்பார்கள். ஆலையில் விபத்து நடந்து தொழிலாளி மறுநாள் காலை வேலைக்கு வர முடியாமல் போனால், முதலாளி அந்த டாக்டருக்குத் தகவல் அனுப்ப வேண்டும். டாக்டர் நேரில் போய் விசாரித்து ஆய்வாளருக்கு அறிக்கை எழுத வேண்டும். கை எப்படி இயந்திரத்தில் மாட்டியது என்பது அரசாங்கக் காகிதத்தில் ஏறத் தொடங்கியது இப்படித்தான்.

ஆனால் இது விபத்துக்கு மட்டும்தான். மெதுவாகக் கொல்லும் நோய்களுக்கு யார் சாட்சி?

இரண்டரை ஷில்லிங் கடமை

1895ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 29ஆவது பிரிவு இதற்குப் பதில் சொன்னது. ஈயம், பாஸ்பரஸ், ஆர்சனிக் ஆகியவற்றின் நச்சு, ஆந்த்ராக்ஸ் என்று நான்கை மட்டும் எடுத்துக்கொண்டது. தொழிற்சாலையில் வந்தது என்று நம்பத் தகுந்த இந்த நோயோடு யார் வந்தாலும், வைத்தியம் பார்க்கும் டாக்டர் லண்டனில் உள்ள தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுத வேண்டும். நோயாளியின் பெயர், முழு முகவரி, நோயின் பெயர். அரைப் பக்கம் போதும். எழுதினால் டாக்டருக்கு 2 ஷில்லிங் 6 பென்ஸ் கட்டணம். எழுதாவிட்டால் 40 ஷில்லிங் வரை அபராதம். முதலாளிக்கும் தனியாக இதே கடமை உண்டு.

முக்கியமான மாற்றம் எது என்றால், கடமை ஆலை டாக்டரோடு நிற்கவில்லை. தெருமுனையில் கிளினிக் வைத்திருக்கும் சாதாரண டாக்டருக்கும் அது பொருந்தியது. முதலாளி மறைத்தாலும் வேறு வழியாகச் செய்தி போய்ச் சேரும்.

1898ல் தாமஸ் லெக் என்ற டாக்டர் தொழிற்சாலைகளின் முதல் மருத்துவ ஆய்வாளராக நியமிக்கப்பட்டார். அந்த அரைப் பக்கங்களை வைத்து எந்தத் தொழிலில், எந்த வேலையில் நோய் அதிகம் என்று அவர் அட்டவணை போட்டார். 1900ல் பிரிட்டனில் பதிவான ஈய நச்சு நோயாளிகள் 1,058 பேர். 1910ல் 505 பேர். இடையில் தூசியை உறிஞ்சும் விசிறிகள், கட்டாய மருத்துவச் சோதனை என்று பல விதிகள் வந்தன. எண் இருந்ததால்தான் விதி கேட்க முடிந்தது.

காகிதம் பணமாகிறது

இதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. டாக்டர் எழுதியதால் நோயாளிக்கு என்ன கிடைத்தது? ஒன்றும் இல்லை! இன்னும் மோசம், ஈய நச்சு என்று தெரிந்தால் வேலை போகும். அதனால் நோயை மறைக்கத் தொழிலாளிக்கே காரணம் இருந்தது. வயிற்று வலியைப் பொறுத்துக்கொண்டு, கை நடுக்கத்தை ஒளித்துக்கொண்டு வேலைக்குப் போனவர்கள் உண்டு.

1897ல் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. வேலையில் விபத்து நடந்தால், முதலாளியின் தவறு என்று நிரூபிக்காமலே, வாரக் கூலியில் பாதி வரை கிடைக்கும். ஆனால் சட்டம் சொன்னது 'விபத்து'. நோய் விபத்தா?

கிடர்மின்ஸ்டர் ஊரில் கம்பளி தரம் பிரித்த ஒரு தொழிலாளி ஆந்த்ராக்ஸில் இறந்தார். கம்பளியில் இருந்த கிருமி அவர் கண்ணில் பட்டுவிட்டது. பிரின்டன்ஸ் எதிர் டர்வி என்ற அந்த வழக்கில் 1905ல் பிரபுக்கள் சபை, அதுவும் விபத்துதான் என்று தீர்ப்பளித்தது. அடுத்த வருடம், 1906ல், புதிய சட்டம் ஆறு தொழில் நோய்களை நஷ்டஈட்டுப் பட்டியலில் சேர்த்தது. பழைய நான்கோடு பாதரச நச்சும் கொக்கிப்புழு நோயும் சேர்ந்தன.

இப்போது டாக்டரின் காகிதத்துக்கு விலை வந்துவிட்டது. சான்று இருந்தால் தொழிலாளிக்குப் பணம், இல்லாவிட்டால் இல்லை. முதலாளிக்கோ அது செலவு. முதலாளி அனுப்பும் டாக்டரிடம் சோதனைக்குப் போகத் தொழிலாளி மறுத்தால் நஷ்டஈடு நிற்கும் என்றும் சட்டம் சொன்னது. ஒரே உடம்பை இரண்டு டாக்டர்கள் பார்த்து இரண்டு விதமாக எழுதினால்? தீர்த்து வைக்க அரசு நியமித்த மருத்துவ நடுவர் வேண்டியிருந்தது. வைத்தியம் பார்ப்பவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்ற கேள்வி அன்றே பிறந்துவிட்டது.

வெள்ளைப் பாஸ்பரஸ் என்ன ஆனது? 1906ல் பெர்ன் நகரில் அதைத் தடை செய்ய உடன்படிக்கை உருவானது. பிரிட்டன் 1908ல் சட்டம் போட்டு 1910 முதல் தடையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆனால் எண்கள் மட்டும் எல்லாவற்றையும் சாதிக்கவில்லை. கட்டடங்களின் உள்பூச்சுக்கு வெள்ளை ஈயத்தைத் தடுக்கும் 1921ஆம் ஆண்டுச் சர்வதேச உடன்படிக்கையை பிரிட்டன் ஏற்க மறுத்தபோது, 1926ல் லெக் பதவியை ராஜினாமா செய்தார்.

இந்தியாவுக்கு வந்த வழி

இந்தியாவில் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் 1923ல் இயற்றப்பட்டது. அதிலும் தொழில் நோய்ப் பட்டியல் இருந்தது, முதலாளியின் டாக்டர் சோதிக்கும் உரிமையும் இருந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 89ஆவது பிரிவைப் படித்தால் 1895ன் குரல் அப்படியே கேட்கும். வைத்தியம் பார்க்கும் டாக்டர் தலைமை ஆய்வாளருக்கு எழுத வேண்டியிருந்தது, டாக்டருக்குக் கட்டணம் இருந்தது, எழுதாவிட்டால் அபராதம் இருந்தது. ஒரு புது விஷயம், டாக்டருக்குக் கொடுத்த கட்டணத்தை நிலவரிப் பாக்கி போல ஆலை நடத்துபவரிடமே வசூலிக்க அந்தச் சட்டம் இடம் கொடுத்தது. 2020ல் இயற்றப்பட்ட தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் டாக்டரின் இந்தக் கடமை இடம்பெற்றது.

இந்த வரலாறு காட்டுவது ஒன்றுதான். நஷ்டஈடு இல்லாத அறிக்கை தொழிலாளியின் வேலையைப் பறித்தது. அறிக்கை இல்லாத நஷ்டஈடு வெறும் வாக்குறுதி. இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் அழுகிய தாடை கம்பெனியின் செலவுக் கணக்கில் ஏறியது. ஏறிய பிறகுதான் அந்தச் செலவைக் குறைக்க முதலாளிகளும் யோசித்தார்கள்.

17 பேர் விஷயத்தில் அந்த அரைப் பக்கம் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. அதனால்தான் அதன் மதிப்பு 25 பவுண்டு சொச்சம் என்று கோர்ட் கணக்குப் போட நேர்ந்தது.