கார் உட்புறக் கீறல்களைச் சீரமைத்தல்

காரின் டாஷ்போர்டு, டோர் பேட் எனப்படும் கதவு உட்பலகை, கியரைச் சுற்றியுள்ள கன்சோல், கண்ணாடிகளுக்கு இடையிலான தூண்களின் உறை ஆகியவற்றில் விழும் கீறல்களை நீக்கும் அல்லது மறைக்கும் பணி இது. ஒரே கதவில் சொரசொரப்பான பிளாஸ்டிக், பளபளக்கும் கறுப்புப் பட்டை, ரெக்சின், மென்பூச்சு என நான்கு விதப் பரப்புகள் இருக்கக்கூடும். ஒன்றைத் தேற்றும் முறை மற்றொன்றைக் கெடுத்துவிடும். அதனால் கீறலைப் பார்ப்பதற்கு முன் பரப்பு எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும்.

பலகையைக் கழற்றினால் அதன் பின்புறத்திலேயே விடை இருக்கும். ஐஎஸ்ஓ 11469 தரத்தின்படி பிளாஸ்டிக்கின் பெயர் அங்கே சுருக்கமாக அச்சிடப்படுகிறது. ‘பிபி’ என்றால் பாலிப்ரோப்பிலீன். ‘பிபி-டிடி20’ என்றால் அதில் 20 விழுக்காடு டால்க் தூள் கலந்திருக்கிறது. ‘ஏபிஎஸ்’, ‘பிசி+ஏபிஎஸ்’ ஆகியவையும் பரவலாகக் காணப்படுபவை.

விலை குறைந்த கார்களின் உட்புறத்தில் பெரும்பகுதி பாலிப்ரோப்பிலீன்தான். சாவியோ பெட்டியின் மூலையோ உரசினால் அதில் வெள்ளைக் கோடு விழும். வண்ணம் உரிந்துவிட்டதாகவே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் வண்ணம் பிளாஸ்டிக்கின் உடல் முழுவதும் கலந்தே இருக்கிறது. உரசலில் பரப்பு இழுபட்டு, டால்க் துகள்களைச் சுற்றி நுண்ணிய வெற்றிடங்கள் உண்டாகின்றன. அவை ஒளியைச் சிதறடிப்பதால் கோடு வெளுத்துத் தெரிகிறது. ஆழமில்லாத கீறலை வெப்பத்தால் பெருமளவு மங்கச் செய்ய முடிவதும் இதனால்தான். ஹீட் கன்னைக் குறைந்த சூட்டில் வைத்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே காட்டினால் இழுபட்ட பிளாஸ்டிக் தளர்ந்து வெண்மை அடங்கும். பாலிப்ரோப்பிலீன் ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸில் உருகும். ஏபிஎஸ் 100 டிகிரியைத் தாண்டியதுமே இளகத் தொடங்கும். ஹீட் கன்னின் வாயிலோ பல நூறு டிகிரி சூடு வரும். கை தாமதித்தால் சொரசொரப்பு உருகி அந்த இடம் மட்டும் பளபளக்கும், பலகையும் நெளியும். போன சொரசொரப்பை உப்புத்தாளாலோ பாலிஷாலோ மீட்க இயலாது. எனவே காரில் தொடுவதற்கு முன் கண்ணில் படாத மூலையிலோ பழைய பலகையிலோ பழகிக்கொள்வது அவசியம்.

கடைகளில் விற்கும் சிலிக்கோன் பளபளப்பு எண்ணெய் வெண்மையைச் சில நாள் மறைக்கும், அவ்வளவே. அதன் எச்சம் தங்கிய பரப்பில் பின்னர் பெயிண்ட் அடித்தால் குழிகுழியாக விலகும். ஆழமான கீறலுக்கு எப்படியும் பெயிண்ட் தேவைப்படும் என்பதால், இந்த எண்ணெயைத் தொடாமல் இருப்பதே நல்லது. பாலிப்ரோப்பிலீனில் பெயிண்ட் எளிதில் ஒட்டாது. சோப்பு நீரில் கழுவி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஒட்டுதலைக் கூட்டும் தனிப் பிரைமர் அடித்த பிறகே வண்ணம் ஏற்ற வேண்டும். பட்டி போட்டு நிரப்பினால் அந்த இடம் வழவழப்பாகிவிடும். அதன்மேல் சொரசொரப்பைப் போலி செய்யும் ஸ்பிரே அடித்தாலும் அருகிலுள்ள பரப்போடு முழுமையாக ஒத்துப்போவது அரிது. மலிவான பலகையாக இருந்தால் மாற்றிவிடுவதே மேல்.

பியானோ பிளாக் எனப்படும் பளபளப்புக் கறுப்புப் பட்டைகளின் சிக்கல் வேறு. உலர்ந்த துணியால் தூசியைத் துடைக்கும்போதே அவற்றில் மயிரிழைக் கோடுகள் விழுகின்றன. விரலும் சாவியும் படும் கன்சோலுக்கு இது பொருந்தாத தேர்வு. ஆயினும் சரிசெய்ய எளிதானது இதுவே. நுண்கோடுகளுக்கு மெல்லிய பாலிஷும் மைக்ரோஃபைபர் துணியும் போதும். நகம் தட்டுப்படும் கீறலை 2000, பிறகு 3000 எண் வாட்டர் பேப்பரால் ஈரத்தோடு தேய்த்து, காம்பவுண்ட் போட்டு மெருகேற்றலாம். மேலே லாக்கர் பூசப்பட்டிருந்தால் அதைத் தேய்த்துத் தீர்த்துவிடாமல் கவனிக்க வேண்டும்.

மென்பூச்சு என்பது பிளாஸ்டிக்கின் மேல் அடிக்கப்பட்ட பாலியூரித்தேன். சூடும் ஈரமும் சேர்ந்து அதைச் சிதைத்துப் பிசுபிசுக்க வைக்கின்றன. 2000களின் ஃபெராரி கார்களிலும் பொத்தான்கள் இப்படி ஒட்டிக்கொள்வது பேர்போன குறை. அந்நிலையில் கீறலை மட்டும் சரிசெய்ய வழியில்லை. பூச்சு முழுவதையும் ஆல்கஹாலால் களைந்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். எந்தப் பரப்பிலும் பெட்ரோலோ தின்னரோ கூடாது. ஏபிஎஸ் அவற்றால் கரையவும் விரிசல் விடவும் கூடும்.

ரெக்சினில் கிழிந்த இடத்தை நிரப்புபொருளால் மெல்லிய அடுக்குகளாக மூடி, அதே பலகையின் பழுதில்லாத பகுதியிலிருந்து எடுத்த அச்சை அழுத்தித் தோல் வரியைப் பதித்து, சாயம் ஏற்றுவார்கள். மரத்தாலான அலங்காரப் பட்டைகளில் கீறல் பெரும்பாலும் மேலுள்ள லாக்கரோடு நின்றுவிடுவதால் மெருகேற்றினாலே போதும்.

ஏர்பேக் மூடிகள் இந்த முறைகள் எதற்கும் உட்படாதவை. பயணி இருக்கைக்கு எதிரேயுள்ள டாஷ்போர்டுப் பகுதியின் அடியில், பை விரியும்போது கிழிவதற்கென்றே மெலிந்த கோடு அமைந்திருக்கும். அதன்மேல் பட்டியோ பசையோ கனமான பெயிண்டோ ஏறினால் மூடி உரிய விதத்தில் திறக்காமல் போகலாம். கெட்டியான துண்டுகள் முகத்தில் தெறிக்கவும் கூடும். கர்ட்டன் ஏர்பேக் உள்ள கார்களில் தூண் உறைகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அவற்றை மாற்றுவதாக இருந்தால், பேட்டரி இணைப்பைக் கழற்றி, தயாரிப்பாளர் கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்த பின்பே கிளிப்புகளில் கைவைக்க வேண்டும்.