திரவப் பளிங்கும் பொசித்திரனும்



பனிக்கட்டி உருகினால் நீராகும். நீர் கொதித்தால் ஆவியாகும். சடப்பொருளுக்குத் திண்மம், திரவம், வாயு என மூன்று நிலைகளே உண்டென்றும், தூய பொருளொன்றுக்கு உருகுநிலை ஒன்றே என்றும் நம்மிற் பெரும்பாலோர் பள்ளியிற் கற்றோம். அந்தப் பாடத்தை ஐயத்துக்கு உள்ளாக்கியவர் பௌதிக அறிஞர் அல்லர்; ஒரு தாவரவியலாளர். ஐயத்தைக் கிளப்பிய பொருளோ கரட் கிழங்கிலிருந்து வந்தது.

1888ஆம் ஆண்டில், அக்காலத்தில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்த பிராக் நகரிலே, பிரெட்ரிக் ரைனிற்சர் என்பார் கரட்டிலுள்ள கொலஸ்திரோலை ஆராய்ந்துகொண்டிருந்தார். கொலஸ்தரைல் பென்சோவேற்று என்னும் அதன் சேர்வையைச் சூடாக்கினார். 145.5 பாகை செல்சியசில் அது உருகிற்று. ஆயினும் உருகிய திரவம் தெளிவாயிருக்கவில்லை, பால்போலக் கலங்கியிருந்தது. 178.5 பாகையை எட்டியதும் அக்கலக்கம் சட்டென்று நீங்கியது. ஆறவிட்டபோது ஊதாவும் நீலமுமான நிறங்கள் தோன்றி மறைந்தன. ஒரு பொருளுக்கு இரண்டு உருகுநிலைகள்! மாதிரி அழுக்கானது என்று சொல்லி வேறொருவர் அதைக் கொட்டியிருப்பார். ரைனிற்சர் கொட்டவில்லை. அவ்வாண்டு மார்ச் மாதத்தில், ஜேர்மனியின் ஆகன் நகரிலிருந்த ஒற்றோ லேமன் என்ற பௌதிக அறிஞருக்குக் கடிதம் எழுதி, மாதிரியையும் அனுப்பிவைத்தார்.

லேமனிடம் அபூர்வமான கருவியொன்று இருந்தது. பொருளைச் சூடாக்கியவாறே, முனைவாக்கிய ஒளியில் வைத்துப் பார்க்கக்கூடிய நுணுக்குக்காட்டி அது. அத்தகைய ஒளியமைப்பிற் சாதாரண திரவம் இருளாகத் தெரியும், பளிங்கு ஒளிரும். ரைனிற்சரின் கலங்கல் திரவம் ஓடிற்று, ஒழுகிற்று, ஆனால் பளிங்குபோல ஒளிர்ந்தது. 1889இல் லேமன் தம் கட்டுரைக்கு இட்ட தலைப்பு 'ஓடும் பளிங்குகள்' என்பது.

அந்தப் பெயரே பெரும் சச்சரவுக்கு வித்தாயிற்று. ஓடுவது எப்படிப் பளிங்காகும் என்று கேட்டார்கள். குஸ்தாவ் தம்மான் என்ற புகழ்பெற்ற இரசாயன அறிஞர், இது புதிய நிலையே அன்று, பால் போன்ற ஒரு கலவை மட்டுமே என்று பல்லாண்டு வாதாடினார். நான் கலைப் பட்டதாரி. இச்சச்சரவில் என்னைக் கவர்வது தம்மானின் பிடிவாதமே. அவருடைய கேள்வி அறிவீனமானதன்று. தூய்மையில்லாத மாதிரியை வைத்துக்கொண்டு புதிய நிலையைக் கண்டேன் என்பவரை யார்தான் நம்புவர்? ஹால்லே நகரில் தானியல் வோர்லாண்டர் இத்தகைய பொருள்களைப் பெருந்தொகையாக ஆக்கிக் காட்டினார். கோல்போல் நீண்ட மூலக்கூறுகள் இவ்வியல்பைப் பெறுகின்றன என்பது புலப்பட்டது. கலவைக் கொள்கை தளர்ந்தது. 1922இல் பிரெஞ்சு அறிஞர் ஜோர்ஜ் பிரீடெல் இந்நிலைகளை வகுத்துப் பெயரிட்டார். கோல்கள் ஒரே திசையை நோக்கியிருந்தும் வரிசையின்றிக் கிடப்பது நெமற்றிக்கு. அடுக்கடுக்காக அமைவது சிமெக்றிக்கு. திசை படிப்படியாகத் திருகிச் செல்வது கொலஸ்தெரிக்கு. லேமன் காலமானதும் அதே ஆண்டில்.

நிலைகளுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. ஆனால் ஒரு நிலை மற்றொன்றாக மாறும் கணத்தில் உள்ளே நிகழ்வது யாது? மூலக்கூறுகளுக்கு இடையேயுள்ள வெற்றிடம் விரிகிறதா, சுருங்குகிறதா? ஒளியின் அலைநீளம் அந்த இடுக்குகளைவிட ஆயிரம் மடங்கு அளவில் பெரியது. அதனால் நுணுக்குக்காட்டி அவ்விடத்திற் பயன்படாது. எக்ஸ் கதிர் மூலக்கூறுகளின் ஒழுங்கைக் காட்டும். ஒன்றுமில்லாத இடத்தைக் காட்டுவது அதற்கு எளிதன்று.

அதற்கு வழி பிறந்தது முற்றிலும் வேறொரு திக்கில். இலத்திரனின் நிறையும் நேர் ஏற்றமும் உடைய எதிர்த்துணிக்கை ஒன்று இருத்தல் வேண்டுமென்று 1931இல் இங்கிலாந்தின் போல் டிராக் கணித வழியாற் கூறினார். 1932இல் அமெரிக்காவின் கார்ல் அன்டர்சன், முகிலறையில் எடுத்த படமொன்றில் அதன் தடத்தைக் கண்டார். ஈயத்தகட்டைக் கடந்த பின் தடம் கூடுதலாக வளைந்திருந்தது; வேகம் குறைந்த துணிக்கையே காந்தப்புலத்தில் அவ்வாறு வளையும். ஆகவே அது வந்த திசையும் அதன் ஏற்றமும் ஐயமறத் தெரிந்தன. அதுவே பொசித்திரன்.

பொசித்திரன் இலத்திரனைச் சந்தித்தால் இரண்டும் அழிந்து காமாக் கதிர்களாகும். எனினும் சிலவேளைகளில் அழியுமுன் இரண்டும் ஒன்றையொன்று சுற்றி, மிக இலேசான ஓர் அணுப்போலச் சிறிது காலம் வாழும். இந்தப் பொசித்திரோனியத்தை 1951இல் மார்ட்டின் டொயிட்ச் வாயுக்களிற் கண்டறிந்தார். அதன் நீண்ட ஆயுள்வகை வெறுவெளியில் சராசரி 142 நனோசெக்கன் வாழ்கிறது. ஒரு நனோசெக்கனில் ஒளியே ஓர் அடி தூரந்தான் செல்லும் என்பதை நேயர்கள் நினைத்துப் பார்க்கலாம். பொருளுக்குள் அந்த ஆயுள் சில நனோசெக்கன்களாகக் குறைந்துவிடும். ஏனெனில் பொசித்திரோனியம் மூலக்கூறுகளின் இடுக்கில் ஒதுங்குகிறது. சுற்றியுள்ள மூலக்கூறுகளின் இலத்திரனொன்று அங்கே அதன் பொசித்திரனை அழிக்கிறது. இடுக்கு அகன்றிருந்தால் ஆயுள் நீளும், குறுகியிருந்தால் குறையும். 1960இல் பிரான்ற், பேர்க்கோ, வாக்கர் என்ற மூவர் இத்தொடர்பை ஆராய்ந்து எழுதினர். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் திரவப் பளிங்குகளிலும் இம்முறை கையாளப்பட்டது.

செய்முறை எளிதாகச் சொல்லக்கூடியது. சோடியம்-22 என்னும் கதிர்த்தொழிற்பாட்டுப் பொருளை மெல்லிய தகடுகளுக்கிடையே வைத்து, அதை ஆராயும் பொருளினுள் அமைப்பர். சோடியம் பொசித்திரனை உமிழும்போதே 1.27 மில்லியன் இலத்திரன்வோற்று வலுவுள்ள காமாக் கதிரொன்றும் புறப்படும். அது பிறப்பை அறிவிக்கும் மணி. பின்னர் 0.51 மில்லியன் அளவுள்ள கதிர் வந்தால், அது மரணத்தை அறிவிக்கும் மணி. இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தைக் கருவி அளக்கும். இவ்வாறு இலட்சக்கணக்கான ஆயுள்களைச் சேர்த்துச் சராசரி காண்பர். வெப்பநிலையைச் சிறிது சிறிதாக உயர்த்தி ஒவ்வொரு படியிலும் இதைச் செய்தால், நிலை மாறும் இடத்தில் ஆயுட்கோடு திடீரென ஏறும், அல்லது சாய்வு மாறும். திண்மம் உருகித் திரவப் பளிங்காகும்போது பெரும்பாலும் ஏற்றமே தெரிகிறது. சூடாக்கும்போது வந்த கோடு ஆறவிடும்போது எப்பொழுதும் திரும்பி வருவதில்லை. உறைய வேண்டிய வெப்பநிலைக்குக் கீழேயும் சில பொருள்கள் உறையாமற் கிடக்கின்றன.

ஆயுளிலிருந்து இடுக்கின் அளவைக் கணிக்கும் சூத்திரத்தை 1972இல் தாவோவும் 1981இல் எல்ட்ரப்பும் அவருடைய துணைவர்களும் உருவாக்கினர். அச்சூத்திரம் இடுக்கை உருண்டையாகக் கொள்கிறது. கோல் மூலக்கூறுகளுக்கிடையே உருண்டை இடுக்கு எங்கே இருக்கும்? ஆகவே அந்த அளவை அப்படியே நம்பாது, எக்ஸ் கதிர் அளவையும் வெப்ப அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே முறை. தம்மான் எழுப்பிய தூய்மைக் கேள்வியும் இங்கே மீண்டும் வருகிறது. பொருளிற் கரைந்திருக்கும் ஒட்சிசன் பொசித்திரோனியத்தின் ஆயுளைக் குறைத்துவிடும். அதனாலேயே மாதிரியிலுள்ள காற்றை முன்னதாக நன்கு அகற்றிவிட்டு, அதன் பிறகே அளவையைத் தொடங்குகின்றனர்.