நஷ்டக் கணக்கில் எழுதப்பட்ட ஒரு ஊர்

வாராக்கடன் ஃபைல்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டு விட்டது. எந்தக் கதையைக் கேட்டாலும் கடைசி வரியில் லாபமா நஷ்டமா என்றுதான் தேடுவேன். அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் ஆட்டிப் பார்த்தது ஒரு வீடியோ கேம். சிரிக்காதீங்க :-)

பையன் விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுதான். பெயர் ஷென்மூ. 2018ல் புதிய கருவிகளுக்காக மறுபடி வெளியிட்டார்கள். ஆனால் அது பிறந்தது ஜப்பானில், 1999 டிசம்பரில், சேகா கம்பெனியின் ட்ரீம்காஸ்ட் பெட்டிக்காக.

ட்ரீம்காஸ்ட் 1998 நவம்பரில் ஜப்பானிலும், 1999 செப்டம்பரில் அமெரிக்காவிலும் வந்தது. பெட்டிக்குள்ளேயே மோடம் வைத்திருந்தார்கள். மைக்கில் பேசினால் மனித முகம் கொண்ட மீன் பதில் சொல்லும் 'சீமேன்', கார்ட்டூன் படம் போலவே நகரும் 'ஜெட் செட் ரேடியோ' என்று யாரும் துணியாததை எல்லாம் துணிந்து செய்தார்கள். ஆனால் முந்தைய பெட்டியான சாட்டர்னில் விட்ட பணமும், கடைக்காரர்களிடம் விட்ட நம்பிக்கையும் திரும்பவில்லை. 2000 மார்ச்சில் சோனியின் பிளேஸ்டேஷன் 2 வந்தது. அதில் டிவிடி படமும் பார்க்கலாம். ஒரே செலவில் வீட்டுக்கு இரண்டு சாமான் என்றால் எந்தக் குடும்பம்தான் வேண்டாம் என்னும்? 2001 ஜனவரி கடைசியில், ட்ரீம்காஸ்ட் தயாரிப்பை நிறுத்துவதாக சேகா அறிவித்தது. மொத்தம் விற்றது சுமார் 90 லட்சம் பெட்டி. பிளேஸ்டேஷன் 2 பிறகு 15 கோடியைத் தாண்டியது.

இனி ஷென்மூவின் கணக்கு. அதை உருவாக்கிய யூ சுசுகி, செலவு சுமார் 4.7 கோடி டாலர் என்று 2011ல் சொன்னார். விற்றது சுமார் 12 லட்சம் பிரதி. வகுத்துப் பாருங்கள், பிரதிக்கு 39 டாலர் அடக்கவிலை. கடையில் விலை ஏறக்குறைய 50 டாலர். கடைக்காரர் பங்கு, தட்டு, அட்டை, போக்குவரத்து எல்லாம் போனால் என்ன மிஞ்சும்? இந்தக் கடன் மனு என் மேஜைக்கு வந்திருந்தால் நிச்சயம் திருப்பி அனுப்பியிருப்பேன்.

அந்தப் பணம் எங்கே போனது என்று பார்த்தபோதுதான் எனக்குப் பேச்சு வரவில்லை. கதை நடப்பது 1986ல், யொகொசுகா என்ற துறைமுக ஊரில். அப்பாவைக் கொன்றவனைத் தேடுகிறான் ரியோ என்ற இளைஞன். தெருவில் யாரை நிறுத்திப் பேசினாலும் குரலில் பதில் வரும். மாலையானால் கடைகள் ஷட்டர் இறக்கும். ஒருமுறை முடித்துவிட்டு மறுபடி ஆடினால், அந்த ஊரில் அந்த நாட்களில் நிஜமாகப் பதிவான வானிலையே திரையிலும் வரும். பழிவாங்கப் போகிறவன் நடுவில் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிச் சம்பளம் வாங்குகிறான். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் இனே அம்மா தினம் 500 யென் வைத்துவிட்டுப் போகிறார். இரவு பதினொன்றரைக்கு மேல் அவனால் வெளியே சுற்ற முடியாது. வீட்டுக்குத் திரும்பியே ஆகவேண்டும்.

சேகாவின் தலைவர் இசாவோ ஒகாவா கம்பெனியைக் காப்பாற்றத் தன் சொந்தச் சொத்திலிருந்து சுமார் 8,500 கோடி யென்னைக் கொடுத்தார். கடனாக அல்ல, கொடையாக. 2001 மார்ச்சில் அவர் காலமானார். சேகா அதன்பின் பெட்டி செய்வதை விட்டுவிட்டு, மற்றவர்களின் பெட்டிகளுக்கு கேம் செய்து பிழைத்தது. ஷென்மூவின் இரண்டாம் பாகம் 2001ல் பாதிக் கதையில் நின்றது.

2015ல் மூன்றாம் பாகத்துக்காக சுசுகி பொதுமக்களிடம் பணம் கேட்டார். சுமார் 69,000 பேர் சேர்ந்து 63 லட்சம் டாலர் கொடுத்தார்கள். 2019ல் அது வெளிவந்தது. பதினான்கு வருஷம் கழித்து, வட்டியும் கேட்காமல், தாங்களே தேடி வந்து பணம் போட்டவர்கள்! எங்கள் கணக்குப் புத்தகத்தில் இதற்குத் தலைப்பே கிடையாது.

முதல் பாகத்தின் முடிவில் ரியோ ஹாங்காங் போகும் கப்பலில் ஏறுகிறான். அதுவரை அந்தத் தெருக்களில் நடந்து நடந்து அது நமக்கே சொந்த ஊராகியிருக்கும். பையன் அடுத்த பாகம் என்று குதித்துக்கொண்டிருந்தான். நானோ இனே அம்மா இனி யாருக்கு அந்த 500 யென்னை எடுத்து வைப்பார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அன்று ஞாயிறுகூட இல்லை, ஆனாலும் ஊருக்குப் போன் போட்டேன். "என்னடா, சாப்ட்டியா?" என்றுதான் அம்மா ஆரம்பித்தாள்.