புல்தரை இல்லாத தாமான் வீட்டில் முயலை வெளியே வைக்கலாமா?

வீட்டுக்குள் வளர்ந்த முயலை வெளியே மாற்றிவிடலாமா என்ற பேச்சு ஏதாவது ஒரு காரணத்தால் எழும். வீட்டுக்குக் கைக்குழந்தை வந்திருக்கும். பாட்டிக்கு இளைப்பு கூடியிருக்கும். இல்லையென்றால் முயல் மூன்றாவது முறையாகக் கைப்பேசி சார்ஜர் கம்பியைக் கடித்துத் துண்டாக்கியிருக்கும். லயத்து வீட்டுக் காலமாக இருந்தால் இது பெரிய விஷயமில்லை. பின்னால் காய்கறிப் பாத்தி, கோழிக் கொட்டகை, பக்கத்தில் மர நிழல் என்று இடம் கிடந்தது. கூலாய், செனாய், கெலாப்பா சாவிட் பக்கம் தாமான் வீடுகளுக்குக் குடிவந்தவர்களிடம் இருப்பது வேறு. முன்னால் கார் நிறுத்தும் போர்ச், பின்னால் துணி காயப்போடும் சிமெண்டுத் தரை, அதற்கப்பால் பின்சந்து. மண் என்றால் பூத்தொட்டியில் இருப்பதுதான்.

அங்கே முயலை வைக்க முடியுமா? முடியும். ஆனால், கூலாயில் இடப் பற்றாக்குறை இரண்டாவது பிரச்சினைதான். முதல் பிரச்சினை பகலில் வெயில், இரவில் பாம்பு. இந்த இரண்டுக்கும் வழி செய்யாமல் கூண்டை மட்டும் வாங்கி வெளியே வைப்பது முயலின் உயிரோடு விளையாடுவதாகும்.

கான முயல் வேறு, கடை முயல் வேறு

"முயல் காட்டுப் பிராணிதானே, வெயில் தாங்காதா?" என்று கேட்பவர்கள் உண்டு. குழப்பம் சொல்லில் இருக்கிறது. திருக்குறளின் 772ஆம் குறளில் ஒரு கான முயல் வருகிறது. தென்னாட்டுக் காடுகளில் வாழும் அந்த முயல் வளை தோண்டாது. புதர் நிழலில் படுத்து வெப்ப நிலத்தில் வாழப் பழகியது. செல்லப் பிராணிக் கடையில் நாம் வாங்குவது ஐரோப்பிய முயலின் வழிவந்தது. ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்து நிலத்துக்கு உரிய அது, பகல் வெயிலுக்கு மண்ணுக்கடியில் வளை தோண்டி ஒளிந்துகொள்ளும். தமிழில் இரண்டுமே முயல்தான். உடம்பு வாகு மட்டும் ஒன்றல்ல.

தமிழ்நாட்டில் முயல் வளர்ப்பு ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்ற இடங்களைப் பார்த்தாலே இது புரியும். ஒன்று கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூர், மற்றொன்று நீலகிரியின் சாண்டிநல்லா. இரண்டும் போர்வை தேவைப்படும் ஊர்கள்.

முயலுக்குச் சுகமான வெப்பநிலை 15 முதல் 20 டிகிரி செல்சியஸ். 28 டிகிரியைத் தாண்டினால் அது சிரமப்படத் தொடங்கும். செனாய் விமான நிலையத்தைச் சுற்றிய நம் வட்டாரத்தில் பகல் வெப்பம் சாதாரணமாகவே 31, 32 டிகிரியைத் தொடும். காற்றில் ஈரமும் அதிகம். முயலுக்கு நம்மைப் போல் வேர்க்காது, நாயைப் போல் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துச் சூட்டைக் குறைக்கவும் அதனால் சரிவர முடியாது. உடல் சூட்டை வெளியேற்ற அதற்கு இருக்கும் முக்கிய வழி காதுகள்தான். சுற்றியுள்ள காற்றே சூடாக இருந்தால் காதால் என்ன பயன்? வீட்டுக்குள் மின்விசிறிக் காற்றில் வளர்ந்த முயலுக்கு இது இன்னும் கடினம்.

எனவே கூண்டு வாங்குவதற்கு முன் ஒரு வெப்பமானி வாங்குங்கள். கூண்டு வைக்க நினைக்கும் இடத்தில், முயல் படுக்கும் உயரத்தில் அதைக் கட்டிவிட்டு, ஒரு வாரம் பிற்பகல் 3 மணிக்குப் பாருங்கள். ஜிங் தகரம் போட்ட போர்ச்சுக்கு அடியில் வரும் எண் பலரை வியக்க வைக்கும். தகரம் நிழல் தருகிறதே என்று நாம் நினைப்போம். அது சூட்டையும் சேர்த்துக் கீழே அனுப்புகிறது.

வீடு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதும் முக்கியம். கூலாய் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 2 டிகிரிக்கும் குறைவான தூரத்தில் இருப்பதால், ஆண்டு முழுவதும் காலை வெயில் கிழக்குச் சுவரிலும் மாலை வெயில் மேற்குச் சுவரிலும் விழும். மேற்குப் பார்த்த வீட்டில் போர்ச் மாலைவரை அடுப்பாக இருக்கும். அந்த வீட்டுக்குப் பின்பக்கமே மேல். கிழக்குப் பார்த்த வீட்டில் மதியத்துக்குப் பிறகு போர்ச்சுக்கு நிழல் வந்துவிடும். வரிசை வீடுகளில் நடுவீட்டுக்காரருக்கு முன், பின் என்ற இரண்டே வாய்ப்புகள்தான்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. போர்ச் என்பது காரின் இடம். வேலை முடிந்து வந்து நிறுத்திய காரின் எஞ்சின் சூடும், காலையில் கிளப்பும்போது வரும் புகையும் நேராகக் கூண்டுக்குள் போகும். காரின் முன்பக்கமோ புகைக்குழாயோ இருக்கும் பக்கத்தில் கூண்டை வைக்கக் கூடாது. கார் வெளியே போன பிறகு எஞ்சினைச் சூடாக்கிக்கொள்ளலாம்.

பாதி வெளியே, பாதி உள்ளே

இங்குள்ள நிலைமைக்கு முழுநேரமும் வெளியே விடுவதைவிட நேரம் பிரித்து வைப்பதே பொருந்தும் என்பது என் கருத்து. காலை 7 மணியிலிருந்து 10 மணி வரையும், மாலை வெயில் இறங்கிய பிறகும் போர்ச்சில் அடைப்புப் போட்டு விடலாம். நடுப்பகலில் உள்ளே, சமையலறை டைல்ஸ் தரையிலோ மின்விசிறி ஓடும் ஓர் அறையின் மூலையிலோ வைக்கலாம். முயலும் இயல்பாக விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும்தான் சுறுசுறுப்பாக இருக்கும், பகலில் தூங்கும். வீட்டில் எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விடும் நேரத்தில் அது உள்ளே தூங்குவதில் யாருக்கும் தொல்லையில்லை.

பகலிலும் வெளியேதான் என்ற கட்டாயம் இருந்தால், கூரைக்கும் கூண்டுக்கும் நடுவே காற்று ஓட இடைவெளி வேண்டும். பக்கவாட்டில் மின்விசிறி, படுக்க ஒரு துண்டு டைல்ஸ், தண்ணீர் நிரப்பி உறைய வைத்துத் துணியில் சுற்றிய ஒரு போத்தல் ஆகியவையும் தேவை. தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருப்பது வறண்ட ஊர்களுக்குச் சரி. நம்மூர் ஈரக் காற்றில் அதனால் பெரிய பலனில்லை. கூண்டு நசநசவென்று ஆவதுதான் மிச்சம். குடிதண்ணீர் எப்போதும் கனமான கிண்ணத்தில் இருக்கட்டும். உறிஞ்சு போத்தலில் சில நேரம் அடைத்துக்கொள்ளும், நாம் கவனிக்கமாட்டோம்.

முயல் நீட்டிப் படுத்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், காது கொதித்தால், வாயோரம் எச்சில் வழிந்தால் அது வெப்பத் தாக்கு. உடனே உள்ளே கொண்டுபோய், குழாய்த் தண்ணீரால் காதுகளை நனைத்து, விசிறிக் காற்றில் வைத்து, கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். ஐஸ் தண்ணீரில் முக்கக் கூடாது. அந்த அதிர்ச்சியே அதைக் கொன்றுவிடலாம்.

இரவு என்றால் வெப்பம் 23, 24 டிகிரிக்கு இறங்கிவிடும், முயலுக்கு நல்லது. ஆனால் அதுதான் மலைப்பாம்பின் நேரமும். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமான்களில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எலியைத் தேடித் தோட்டத்திலிருந்து கால்வாய் வழியாக வரும் பாம்புக்கு, போர்ச்சில் அடைத்து வைத்த முயல் தட்டில் வைத்த சாப்பாடு. மூசாங், உடும்பு, தெருநாய் ஆகியவையும் உண்டு.

கோழிக் கூண்டுக்குப் போடும் மெல்லிய அறுகோண வலை இங்கே போதாது. நாய் அதைக் கடித்துக் கிழித்துவிடும். அதன் ஓட்டை வழியே குட்டிப் பாம்பு நுழைந்துவிடும். பற்றவைத்த கட்டக் கம்பி வலை, ஓட்டை அரை அங்குலத்துக்கு மேல் போகாமல் வேண்டும். கதவுக்குச் சாதாரணக் கொக்கி போதாது. தள்ளித் திறக்க முடியாத தாழ்ப்பாள் இரண்டு போடுங்கள். கூண்டின் கால் இரண்டடி உயரமாவது இருக்கட்டும், அடைமழையில் போர்ச்சுக்குள் தண்ணீர் ஏறினாலும் முயல் தப்பிக்கும். 2006ஆம் ஆண்டு இறுதியில் ஜோகூரைப் புரட்டிப்போட்ட வெள்ளத்தைப் பார்த்தவர்கள் இதை அதிகப்படி என்று சொல்லமாட்டார்கள். மிஞ்சிய தீவனத்தை இரவில் கூண்டில் விடக் கூடாது. தீவனத்துக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். பாம்பு வந்துவிட்டால் நாமே அடிக்கப் போகாமல் 999க்கு அழைத்துப் போம்பாவிடம் சொல்வதே சரி.

எவ்வளவு இடம்?

பிரிட்டனிலுள்ள முயல் நலச் சங்கம் ஒரு ஜோடி முயலுக்கு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம் என்று இடம் கேட்கிறது. அதாவது ஏறக்குறைய 10 அடிக்கு 6 அடி. 20 அடி அகலமுள்ள போர்ச்சில் ஒரு காரோடு இதைச் சேர்க்கலாம். இரண்டு கார் உள்ள வீட்டில் ஒன்று தெருவில் நிற்க வேண்டும். குடும்பத்தில் முயல் பற்றிய சண்டை பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். அவ்வளவு இடம் இல்லாதவர்கள் இரவுக்கு ஒரு கூண்டும், காலை மாலை ஓடியாட மடக்கி வைக்கக்கூடிய கம்பி அடைப்பும் வைத்துக்கொள்ளலாம். கடையில் விற்கும் இரண்டடிக் கூண்டில் நாள் முழுவதும் அடைப்பது வளர்ப்பு ஆகாது.

கூண்டின் அடித்தளம் வெறும் கம்பியாக இருந்தால் முயலின் பாதம் புண்ணாகும். அதன் பாதத்தில் நாய், பூனைக்கு இருப்பது போன்ற மெத்தைச் சதை கிடையாது, முடி மட்டும்தான். பலகையோ கோரைப்பாயோ போடுங்கள். வெறும் சிமெண்டுத் தரையும் சொரசொரப்பானதுதான்.

மாற்றும்போது ஒரே நாளில் மாற்ற வேண்டாம். முதல் சில நாள் காலையில் ஒரு மணி நேரம், பக்கத்தில் ஆள் இருக்க விடுங்கள். பிறகு நேரத்தைக் கூட்டி, இரண்டு மூன்று வாரத்தில் பழக்குங்கள். அது உள்ளே பயன்படுத்திய மலத்தட்டு, விரிப்பு, ஒளிந்துகொள்ளும் பெட்டி எல்லாம் அப்படியே வெளியே வர வேண்டும். தன் வாசனை உள்ள இடத்தைத்தான் அது வீடு என்று ஏற்கும். ஜோடியாக இருந்தவற்றைப் பிரிக்கவே கூடாது. ஒற்றை முயலாக, மனிதர்களோடு மட்டுமே பழகியதாக இருந்தால், வெளியே போனதும் அது தனிமையில் சாப்பாட்டைக் குறைத்துவிடும். 12 மணி நேரம் எதுவும் சாப்பிடாத, புழுக்கை போடாத முயல் ஆபத்தில் இருக்கிறது என்று பொருள். வயதானது, மிகப் பருமனானது, சடைமுடி உள்ள அங்கோரா வகை, மூக்கு சப்பையான வகை ஆகியவற்றை இந்த ஊரில் வெளியே மாற்றாமல் இருப்பதே நல்லது.

தோட்டத்துப் புல்லும் தொட்டிச் செடியும்

முயல் உணவில் பெரும்பங்கு புல்லோ உலர்புல்லோதான் இருக்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கிறதே என்று தோட்டத்து ஓரத்தில் அறுத்து வருவோம். அங்கே எச்சரிக்கை தேவை. தோட்டத்தில் மருந்தடித்த நம் அம்மாக்கள், பாட்டிகளின் உடம்பைக் கெடுத்த பாராகுவாட் களைக்கொல்லி 2002இல் தடை செய்யப்பட்டு, 2006இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டு, 2020 ஜனவரி 1 முதல்தான் முழுமையாகத் தடையானது. மற்ற களைக்கொல்லிகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. மருந்தடிக்கும் நிரையிலோ நெடுஞ்சாலை ஓரத்திலோ அறுத்த புல் வேண்டாம்.

போர்ச்சில் உள்ள தொட்டிகளையும் பாருங்கள். அரளி, குரோட்டன்ஸ், மணி பிளாண்ட் மூன்றும் நஞ்சு. முயலுக்கு எட்டாத இடத்துக்குப் போக வேண்டும். செம்பருத்தி இலை, பூ, துளசி, புதினா கொடுக்கலாம். முயல் புழுக்கை மிளகாய், கறிவேப்பிலைத் தொட்டிகளுக்கு நல்ல உரம். மூத்திரத்தைத் தினமும் கழுவாவிட்டால் பக்கத்து வீட்டாரின் முகம் மாறும்.

வெளியே வந்தால் கொசுவும் ஈயும் கூடவே வரும். 2020 செப்டம்பரில் சிங்கப்பூரில் முதன்முறையாக முயல் இரத்தக்கசிவு நோய் கண்டறியப்பட்டது. மனிதருக்குத் தொற்றாத அந்த நோய், முயலைச் சில நாளில் கொல்லக்கூடியது. பூச்சிகள் மூலமும் பரவும். கூண்டைச் சுற்றி நுண்ணிய கொசுவலை போடுவது செலவு குறைந்த பாதுகாப்பு. வாலடி அழுக்காக இருந்தால் ஈ முட்டையிட்டு ஒரே நாளில் புழு வைத்துவிடும். காலை மாலை தூக்கிப் பாருங்கள். டிங்கிக்காகத் தாமானில் புகை அடிக்கும் நாளிலும், புகைமூட்டக் காலத்திலும், தீபாவளி, சீனப் புத்தாண்டுப் பட்டாசு இரவுகளிலும் முயல் வீட்டுக்குள் இருக்க வேண்டும்.

எல்லாம் பார்த்துவிட்டு "நம்மால் முடியாது" என்று தோன்றினால், வளர்க்கக்கூடிய இன்னொரு குடும்பத்திடம் ஒப்படைக்கலாம். தோட்டத்திலோ ஏரிப் பூங்காவிலோ விட்டுவிட்டு வந்தால் அது ஒரு இரவு தாங்குவதே கடினம். விலங்குக்குத் தேவையற்ற வேதனை தருபவர்களுக்கு 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்படி 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம். அந்தச் சட்டத்தின் எண்ணும் 772தான். வள்ளுவரோடு தற்செயலான பொருத்தம்.

கால்நடை கிளினிக்குகள் எல்லாவற்றிலும் முயல் பார்ப்பதில்லை. பல இடங்களில் நாய், பூனை மட்டும்தான். வெளியே மாற்றுவதற்கு முன்பே, முயல் பார்க்கும் மருத்துவர் எங்கே இருக்கிறார், இரவில் திறந்திருக்குமா என்று தொலைபேசியில் கேட்டு எழுதி வையுங்கள். வீட்டில் மிஞ்சிய அமோக்சிசிலின் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்க வேண்டாம். மனிதர் விழுங்கும் அந்த மருந்து முயலின் குடலிலுள்ள நல்ல கிருமிகளை அழித்து அதைச் சாகடித்துவிடும்.