பெர்ஸி, காக்ஸ்டன், அப்புறம் எங்க அக்கா பையன்

எங்க ஏரியா பெயர்ப் பலகைகளை என்னைக்காவது உத்துப் பாத்திருக்கீங்களா? ராஜா அண்ணாமலைபுரம்னு தமிழ்ல எழுதும்போது ஒரு வம்பும் இல்லை. ஆங்கிலத்துல எழுதினா ஒரு இடத்துல ராஜாவுக்குப் பின்னாடி ஒரு ஹெச் நிக்கும், இன்னொரு இடத்துல நிக்காது. இதுக்குப் பயந்துதான் எல்லாரும் ஆர்.ஏ.புரம்னு சுருக்கிட்டாங்களோ என்னவோ :-)

போன மாசம் அந்த ஹெச் எங்க வீட்டுக்குள்ள வந்துடுச்சு. நாலாம் வகுப்பு படிக்கிற அக்கா பையன், வீட்டு விலாசத்தை நோட்டுல எழுதி, அதைச் சுத்தி சிவப்பு மையில வட்டம் வாங்கிட்டு வந்தான். "மாமா, இந்த ஹெச் சத்தமே போடலையே, அப்புறம் எதுக்கு அதை எழுதணும்?"ன்னு கேட்டான். அவனுக்கு டிஸ்லெக்ஸியா இருக்குன்னு போன வருஷம்தான் தெரிஞ்சது. பதில் சொல்லத் தெரியாம முழிச்சேன். பொட்டி தட்டுற வேலையில ஸ்பெல்செக்கர் இருக்கு, காலம் ஓடுது. ராத்திரி உக்காந்து கொஞ்சம் தோண்டிப் பாத்ததுதான் இந்தப் பதிவு.

முதல்ல குற்றவாளி யாருன்னு பாப்போம். பையன் இல்லைங்க, ஆங்கிலம்தான்.

1476ல வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்துல முதல் அச்சகத்தை வெஸ்ட்மின்ஸ்டர்ல போட்டார். அதுக்கு முன்னாடி அவரவர் ஊர்ல பேசினபடி எழுதிட்டிருந்தாங்க. அச்சு வந்ததும் எழுத்து மெதுவா உறைய ஆரம்பிச்சது, ஆனா நாக்கு உறையலை. அதே நூற்றாண்டுகள்லதான் உயிரொலிகள் மொத்தமா இடம் மாறிட்டிருந்தது. நைட்டுக்கு (அந்தக் குதிரை வீரனைத்தான் சொல்றேன்) முன்னாடி இருக்கிற கே ஒரு காலத்துல நிஜமாவே ஒலிச்சது. ஒலி போயிடுச்சு, எழுத்து மட்டும் காலி வீட்டுக்குப் பூட்டு மாதிரி தொங்குது. பேய்க்கு வர்ற 'கோஸ்ட்'ல இருக்கிற ஹெச்? காக்ஸ்டன் ரொம்ப வருஷம் இருந்தது ப்ரூஜ்ல. அந்த ஊர் ஃப்ளெமிஷ் வழக்கத்துல இருந்து ஒட்டிக்கிட்டதுன்னு சொல்றாங்க.

இதைவிடக் கொடுமை படிச்சவங்க பண்ணினது. கடனுக்கான 'டெட்'ல பி கிடையாது (பேனாவோட பி இல்லை, பஸ்ஸோட பி. தமிழ்ல எழுதினா இந்தத் தொல்லை வேற). லத்தீன் மூலத்துல 'டெபிடும்'னு இருக்கே, நம்ம பாண்டித்தியத்தைக் காட்டுவோம்னு 16ஆம் நூற்றாண்டு ஆட்கள் கொண்டுவந்து சொருகினாங்க. அதுக்கு நானூறு வருஷம் கழிச்சு ஆர்.ஏ.புரத்துல ஒரு பையன் சிவப்பு வட்டம் வாங்குறான்.

இப்போ அவன் பக்கம். 1887ல ஜெர்மனியில ருடால்ஃப் பெர்லின்னு ஒரு கண் டாக்டர்தான் டிஸ்லெக்ஸியாங்கிற வார்த்தையை உண்டாக்கினார். அவர் பாத்தது மூளை பாதிக்கப்பட்ட பெரியவங்களை. குழந்தைகளைப் பத்தின கதை 1896 நவம்பர்ல ஆரம்பிக்குது. இங்கிலாந்துல பிரிங்கிள் மார்கன்ங்கிற டாக்டர், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல பெர்ஸிங்கிற 14 வயசுப் பையனைப் பத்தி எழுதினார். நல்ல புத்திசாலி. கணக்கு, அல்ஜீப்ரா எல்லாம் வரும். ஆனா தன் சொந்தப் பேரையே எழுத்து மாத்தி 'ப்ரெஸி'ன்னு எழுதுவான். பாடமெல்லாம் வாயால மட்டும் நடத்தினா இவன்தான் பள்ளிக்கூடத்துலயே கெட்டிக்காரன்னு அவன் வாத்தியார் சொன்னாராம்.

இதைப் படிச்சப்போ எனக்கு எங்க சித்தப்பா ஞாபகம்தான் வந்தது. பத்தாவதுல இங்கிலீஷ்ல ரெண்டு தடவை கோட். ஸ்கேலால முட்டியில வாங்கின அடியை இன்னைக்கும் சிரிச்சுக்கிட்டே சொல்வார். முழு வீட்டுக்கு வயரிங் படம் மனசுலயே போடுவார், ஆனா பில் எழுதணும்னா பேனாவை சித்தி கையில குடுத்துடுவார். மக்குன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டாங்க. பெர்ஸிக்குக் கிடைச்ச மாதிரி ஒரு வாத்தியார் அவருக்குக் கிடைக்கலை.

எப்படிச் சொல்லிக்கொடுக்கிறதுங்கிறது அமெரிக்காவுல சூடு பிடிச்சது. 1920கள்ல சாமுவேல் ஆர்டன், இது எழுத்துகள் கண்ணாடி பிம்பமா புரளுற கோளாறுன்னு நினைச்சார். அந்த விளக்கம் பின்னாடி அடிபட்டுப் போச்சு. 1979ல வெலுட்டினோ எழுதின புத்தகத்துக்கு அப்புறம், சிக்கல் பெரும்பாலும் கண்ணுல இல்லை, சொல்லை ஒலிகளா உடைச்சு எழுத்தோட கோக்கிற இடத்துலன்னு ஆராய்ச்சி திரும்பிடுச்சு. வேடிக்கை என்னன்னா, தப்பான விளக்கத்துல இருந்து நல்ல முறை பிறந்தது. ஆர்டனோட சேர்ந்து வேலை பாத்த ஆனா கில்லிங்ஹாம், பெஸ்ஸி ஸ்டில்மன் ரெண்டு பேரும் 1930கள்ல எழுத்தைப் பாத்து, ஒலியைச் சொல்லி, கையால எழுதி, மூணையும் ஒண்ணாப் பழக்கினாங்க. கலிஃபோர்னியாவுல கிரேஸ் ஃபெர்னால்ட் வார்த்தையைக் கிரேயான்ல பெருசா எழுதி, குழந்தை விரலால தடவிக்கிட்டே சொல்லணும், அப்புறம் பாக்காம எழுதணும்னு வெச்சாங்க. நம்ம ஊர்ல நெல்லுல விரல் பிடிச்சு அ எழுத வைக்கிறதுக்கு ரொம்பத் தள்ளி இல்லை, இல்லையா?

படம் போட்டுச் சொல்லிக்கொடுக்கிறதைப் பத்தி ஒரு எச்சரிக்கை. 'இவன் பாத்துக் கத்துக்கிற டைப், அவன் கேட்டுக் கத்துக்கிற டைப்'னு பிரிக்கிறதுக்கு ஆதாரம் இல்லைன்னு 2008லயே உளவியல்காரங்க அலசிச் சொல்லிட்டாங்க. கலர் கண்ணாடி வித்தைக்கும் அப்படித்தான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2009ல கையை விரிச்சுடுச்சு. படம் ஒலியோட ஒட்டினாத்தான் பிரயோஜனம். வெறும் அலங்காரமா இருந்தா அது கலர் பென்சில் செலவு.

சென்னையில இந்த வேலையைத் தொண்ணூறுகளோட தொடக்கத்துலேருந்து பண்றது மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோஸியேஷன். தி.நகர்ல அனன்யான்னு ஒரு மையம் நடத்துறாங்க. வழக்கமான பள்ளியிலேருந்து கொஞ்ச காலம் வெளியே வந்து இங்க படிச்சுட்டுத் திரும்பப் போற மாதிரி ஏற்பாடு. ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் உண்டு. சென்னைக்காரங்களான ஆவாஸ் நிறுவனத்தோட சேர்ந்து ஒரு வாசிப்புச் செயலியும் பண்ணியிருக்காங்க. தடுக்கின வார்த்தையைத் தொட்டா அசையாப் பிரிச்சுக் காட்டும், படமும் காட்டும். நம்ம துறை உருப்படியா ஏதோ பண்ணியிருக்குன்னு ஒரு அல்ப சந்தோஷம்.

2007 டிசம்பர்ல 'தாரே ஜமீன் பர்' வந்தப்புறம்தான் பொதுஜனத்துக்கு இந்தப் பேரே தெரிஞ்சது. சட்டத்துக்குத் தெரிய 2016 ஆச்சு. அந்த வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்தான் கற்றல் குறைபாட்டைப் பட்டியல்ல சேர்த்தது.

தமிழ்ல படிச்சா இது வராதான்னு அம்மா கேட்டாங்க. 2001ல இத்தாலி, பிரான்ஸ், இங்கிலாந்து ஆட்களை ஸ்கேன் பண்ணிப் பாத்திருக்காங்க. டிஸ்லெக்ஸியா இருக்கிறவங்க மூளையில வேலை குறையுற இடம் மூணு நாட்டுலயும் ஒண்ணுதான். ஆனா வாசிக்கச் சொன்னா இத்தாலிக்காரங்க மத்தவங்களைவிட நல்லா வாசிச்சாங்க, ஏன்னா அவங்க மொழியில எழுதினபடி படிக்கலாம். நம்ம தமிழ் அந்தப் பக்கம்தான் சாயும்னு எனக்குத் தோணுது. காகத்துல முதல் எழுத்துக்கும் ரெண்டாவதுக்கும் ஒரே க, ஒலி வேறன்னாலும், அதுக்கு ஒரு ஒழுங்கு இருக்கு.

போன ஞாயித்துக்கிழமை நானும் அவனும் தரையில சார்ட் பேப்பர் விரிச்சு உக்காந்தோம். பி, டி ரெண்டும் அவனுக்கு மாறி மாறி விழும், அதனால 'பெட்'டையே ஒரு கட்டிலா வரைஞ்சோம். முதல் எழுத்து தலைமாடு, கடைசி எழுத்து கால்மாடு, நடுவுல ஈ படுத்திருக்கு. ஒவ்வொண்ணையும் தடவிக்கிட்டே ஒலியைச் சொல்லணும். தீவுக்கான வார்த்தையை 'இஸ்'னும் 'லேண்ட்'னும் ரெண்டு கலர்ல வெட்டி, நடுவுல சத்தம் போடாத எஸ்ஸுக்கு வாயில பிளாஸ்திரி ஒட்டினான். அந்த எஸ்ஸும் படிச்சவங்க சொருகினதுதான்னு சொன்னேன். "அப்போ தப்புப் பண்ணது அவங்கதானே?"ன்னான்.

அப்போ பாத்து சித்தப்பா ஃபேன் ரிப்பேருக்கு வந்தார். ஏணியில ஏறாம சார்ட்டையே கொஞ்ச நேரம் பாத்துட்டு, "அந்தக் கட்டிலை இன்னொரு தடவை சொல்லுடா"ன்னு பையன் பக்கத்துல உக்காந்துட்டார்.