கணக்கு வாத்தியார் எடுத்துக்கொண்ட பி.டி. பீரியட்

பத்தாம் வகுப்பு வந்ததும் எங்க பி.டி. பீரியட் கணக்கு வாத்தியாருக்குப் போய்விட்டது. விளையாடுற நேரத்துல நாலு கணக்கு போட்டா மார்க் ஏறும் என்பது நியாயம். இதைத் தலைகீழாகச் செய்து பார்த்தவர்கள் உண்டு.

கனடாவின் கியூபெக் மாகாணம், 1970. ட்ருவா-ரிவியேர் நகரத்தில் ஒன்று, கிராமப்புறத்தில் ஒன்று என இரண்டு தொடக்கப் பள்ளிகள். மொத்தம் 546 குழந்தைகள். ராய் ஷெஃபர்டும் உடன் இருந்த ஆய்வாளர்களும் ஒரு பிரிவினருக்கு மட்டும் வாரம் 5 மணி நேரம் கூடுதல் உடற்பயிற்சி கொடுத்தார்கள். அதற்கெனப் பயிற்சி பெற்ற ஆசிரியரை வைத்தார்கள். நேரத்தைப் பாடவேளையிலிருந்தே வெட்டினார்கள், சுமார் 13 சதவீதம். ஒப்பிடுவதற்கு எடுத்தது, அதே பள்ளிகளில் ஒரு வருஷம் முன்னும் பின்னும் படித்த வகுப்புகளை. எங்க தொழில்ல இதுக்கு ஏ/பி டெஸ்ட்னு பேரு. ஆனா ஆறு வகுப்பு முடியிற வரைக்கும் ஓடின டெஸ்ட் ஒண்ணைக்கூட நான் பார்த்ததில்லை.

முதல் வகுப்பில் ஒப்பீட்டுக் குழுதான் கொஞ்சம் முன்னால் இருந்தது. அங்கேயே நிறுத்தியிருந்தால் நம்ம வாத்தியார் ஜெயிச்சிருப்பார். இரண்டாம் வகுப்பிலிருந்து, ஓடியாடிய பிள்ளைகள் கூடுதல் மார்க் வாங்கினார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது: எந்தக் குழந்தை எந்தப் பிரிவு என்பது மார்க் போடும் ஆசிரியருக்குத் தெரியுமே? அதனால் மாகாணப் பொதுத் தேர்வைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். அதில் ஆங்கிலத்தில் அவர்கள் முந்தவில்லை. முந்தியது கணக்கில்.