நாலு ராஜராஜனும் ஒரு குப்பாயமும்



போன வருடப் பொங்கல் விழாவில் பிள்ளைகளின் மாறுவேடப் போட்டிக்கு என்னை நடுவராகப் போட்டிருந்தீர்கள். மேடை ஏறிய பதினோரு பேரில் நாலு பேர் ராஜராஜ சோழன். நாலு பேருக்கும் ஒரே மெரூன் வெல்வெட் அங்கி, ஒரே ஜிகினா பார்டர், ஒரே தெர்மாகோல் கிரீடம். எல்லாம் ஒரே வாடகைக் கடையில் எடுத்தது என்று பிறகு தெரிந்தது. ஒருவன் கையில் பிறை போல வளைந்த அரபு வாள், இன்னொருவன் கையில் சிலுவைப் பிடி வைத்த ஐரோப்பிய வாள். நாலு பேருக்கும் ஒரே மதிப்பெண் போட்டுத் தப்பித்தேன். முப்பத்து நாலு வருடம் வங்கியில் பற்றும் வரவும் எழுதியவன், டோட்டல் சரியாக இருந்தால் போதும் என்று எழுந்துவிடலாம். ஆனால் ராஜராஜன் நிஜமாகவே என்னதான் உடுத்தினான் என்ற கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. நான் படித்தது பி.காம். வரலாறு பள்ளியோடு சரி. தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கேள்விக்கு ஒரு பழைய வித்தும் உண்டு. 2023 ஆகஸ்டில் மகன் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தபோது, பென்சில்வேனியாவில் 'பென்சிக் வார்' என்று ஒரு கூடுகைக்கு என்னை அழைத்துப் போனான். பத்தாயிரம் பேருக்கு மேல் கூடுகிற இடம். கூடாரம் அடித்துத் தங்கி, பழைய ஐரோப்பியச் சட்டைகளைத் தாங்களே தைத்துப் போட்டுக்கொண்டு, தாங்களே அடித்த இரும்புக் கவசத்தோடு சண்டை போடுகிறார்கள். பிழைப்புக்காக அல்ல, பொழுதுபோக்குக்காக. 1966-இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு வீட்டுத் தோட்டத்து விருந்தில் தொடங்கிய சங்கம் இதை நடத்துகிறது. 17-ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய காலம்தான் அவர்களுக்குக் கணக்கு. அந்தக் காலத்து உடைக்கு ஒரு முயற்சியாவது செய்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்பது விதி. வாள்கள் பிரம்பால் ஆனவை. நம் சிலம்பக்காரர் கையில் இருக்கிற அதே பிரம்பு!

நான் என்ன செய்வேன்? பெட்டியில் இருந்த எட்டு முழ வேட்டியைக் கட்டி, நேரியலைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன். கவசம் போட்ட ஒருவர் என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அருமையாகச் செய்திருக்கிறீர்கள், எத்தனை நாள் பிடித்தது?" என்று கேட்டார். தீபாவளித் தள்ளுபடியில் வாங்கியது என்று சொல்ல வாய் வரவில்லை. அவர்கள் வருடக்கணக்கில் ஆராய்ந்து தைக்கிறார்கள், நம்மிடம் அது தைக்காமலே கொடியில் காய்கிறது.

ஆக, இந்த வருடப் போட்டிக்குப் பேரனுக்கு நானே உடுப்புச் செய்வது என்று முடிவு செய்தேன். ராஜராஜன் நமக்கு அந்நியனும் அல்ல. அவன் காலத்தில் நாஞ்சில் நாடு சோழர் கையில் இருந்தது. கோட்டாறு அப்போது மும்முடிச்சோழநல்லூர்.

முதலில் தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்களின் படங்களைத் தேடினேன். கருவறையைச் சுற்றிய இருட்டு அறையில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் மறைந்து கிடந்த சோழர் ஓவியங்களை 1931-இல் கண்டுபிடித்தவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி. அங்கே ராஜராஜன் என்று பலர் சொல்லும் உருவத்தில் அங்கியும் இல்லை, கிரீடமும் இல்லை. முடியைத் தூக்கிக் கட்டிய கொண்டை, வெற்று மார்பு, மேலே நகை, இடுப்பில் துணி. அவ்வளவுதான். துணியைப் பார்த்து அரசனையும் சேவகனையும் பிரிக்க முடியாது, நகையைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

அதற்காகத் தைத்த சட்டையே அந்தக் காலத்தில் தெரியாது என்று எண்ணிவிடாதீர்கள். சங்க இலக்கியமான முல்லைப்பாட்டிலேயே யவனர் போட்ட 'மெய்ப்பை' வருகிறது. ஆனால் அது வெளியூர்க்காரன் உடுப்பு. நம் பக்கத்து அரசர்கள் தைத்த அங்கிக்குள் நுழைந்தது பின்னால், விஜயநகர காலத்தில். 'கபாயி' என்ற நீண்ட அங்கியும் 'குல்லாயி' என்ற உயரத் தொப்பியும் அரபு, பாரசீக நாடுகளின் அரசவை வழக்கத்திலிருந்து வந்தவை. லேபாக்ஷி கோயில் ஓவியங்களில் அவற்றைப் பார்க்கலாம். வெல்வெட்டோ இன்னும் பிந்தியது. பார்சி நாடகக் கம்பெனிகள் கொண்டுவந்து, நம் கம்பெனி நாடகங்கள் எடுத்துக்கொண்டு, சினிமா நிலைநாட்டியது. 1973-இல் சிவாஜி நடித்த 'ராஜராஜ சோழன்' படத்தைத் தியேட்டரில் பார்த்த தலைமுறை நாம். நம் மனதில் ராஜராஜன் என்றால் சிவாஜிதான், பேரன்களுக்கு வெல்வெட் வந்த வழி அதுதான்.

இனி தயாரிப்பு. எட்டு முழ வேட்டியின் அகலத்தைப் பாதியாக மடித்து, கொசுவம் வைத்து, தார் பாய்ச்சிக் கட்டினேன். ஒன்பது வயதுப் பையன் ஒரு நிமிடம் நிற்க மாட்டான், அதனால் நாலு இடத்தில் ஊக்கு. ஊக்கு சோழர் காலத்தில் கிடையாது என்று எனக்கும் தெரியும்.

நகைக்கு வடசேரி இருக்கிறதே. வெள்ளியில் அடித்து, தங்கத் தகடு போர்த்தி, சிவப்புக் கல் பதித்து அங்கே செய்கிற கோயில் நகைக்குப் புவிசார் குறியீடே உண்டு. சாமிக்கும் பரதநாட்டியக்காரர்களுக்கும் அங்கிருந்து போகிறது. விலை கேட்டுவிட்டு வணக்கம் சொல்லித் திரும்பினேன். மகள் சிறுவயதில் நாட்டியத்துக்குப் போட்ட கவரிங் செட் பரணில் இருந்தது. அதன் ஒட்டியாணத்தை அரைப்பட்டிகையாகவும், வங்கியைத் தோள்வளையாகவும் மாற்றினேன்.

வாளுக்குப் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய்வந்தேன். நவராத்திரிக்கு முன் அங்கிருந்துதான் அரசரின் உடைவாளை முறைப்படி ஒப்படைத்து, சரஸ்வதி அம்மன், வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் திருவனந்தபுரத்துக்குக் கிளம்புகிறார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததே. அங்கே பார்த்த வடிவத்தை மனதில் வைத்து, ஆசாரியிடம் அயினிப் பலகைத் துண்டு வாங்கி வாள் செதுக்கினேன். கேடயத்துக்குப் பழைய சுளகு. துணி ஒட்டி, பசை காய்ந்த பிறகு வட்ட வட்டமாக வண்ணம் பூசினேன். இந்த யோசனை வேலகளி படங்களைப் பார்த்து வந்தது. அம்பலப்புழையில் தொடங்கிய ஆட்டம் அது. சிவப்புத் தலைக்கட்டும் வண்ணக் கேடயமுமாகப் பழைய படைவீரர் வேடத்தில் ஆடுவார்கள். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயில் பங்குனித் திருவிழாவில், பஞ்சபாண்டவர்களின் பெரிய உருவங்களுக்கு முன்னால் ஆடுவது வழக்கம். பெர்க்லி தோட்டத்து விருந்துக்கு எவ்வளவோ முந்தியது. பழைய போர்க்கோலம் கட்டி நிற்கும் ஆசை நமக்கும் இல்லாமல் இல்லை. நாம் அதைப் பொழுதுபோக்கு என்று சொல்லாமல் திருவிழா என்றோம், நேர்ச்சை என்றோம். குலசேகரன்பட்டினம் தசராவுக்கு மாலை போட்டு விரதம் இருந்து வேடம் கட்டிப் போகிறவர்கள் நம் தெருவிலேயே உண்டல்லவா?

கிரீடம் இல்லை என்று சொன்னபோதுதான் பேரன் அழுதான். "கிரீடம் இல்லாட்டி என்னை யாரு பாட்டா ராஜான்னு சொல்லுவா?" ஆராய்ச்சியை ஓரமாக வைத்துவிட்டு அட்டையில் ஒரு கிரீடம் செய்தேன்.

போட்டிக்கு ஒரு வாரம் முன்பு, திண்ணையில் அவனை நிறுத்தி எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டு அக்கா வந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியை. வயதில் எனக்குச் சற்று இளையவர்தான், ஆனாலும் தெருவுக்கே அக்கா. நான் தஞ்சாவூர், லேபாக்ஷி, பென்சில்வேனியா என்று அளந்துகொண்டிருந்ததை முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னார்:

"எல்லாம் சரி அண்ணாச்சி. எங்க வீட்டுப் பிள்ளையும் போட்டிக்குப் பேரு குடுத்திருக்கா. அந்தக் காலத்து உடுப்புதான் போடணும்னா, அவளுக்கு நான் என்னத்த உடுத்தி அனுப்ப?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்தபோது நான் சிரிக்கவில்லை.

இதை நான் கொஞ்சம் விளக்கமாக எழுத வேண்டும், இளைய உறுப்பினர்கள் பலருக்குத் தெரியாது. 1956 நவம்பர் 1 வரை நம் தோவாளை வட்டாரம் திருவிதாங்கூர். அந்தத் திருவிதாங்கூரில் யார் எதை உடுத்தலாம் என்பது விருப்பம் அல்ல, சட்டம். நாடார் சமூகப் பெண்களும் அவர்களைப் போல ஒதுக்கப்பட்ட மற்றச் சமூகப் பெண்களும் மேல்சீலை போட்டு மார்பை மறைக்கக் கூடாது. கிறிஸ்தவத்தில் சேர்ந்த பெண்கள் குப்பாயம் என்ற தைத்த சட்டை போட்டுக்கொள்ளலாம் என்று 1813-இல் மன்றோ அனுமதித்தார். அவர்கள் குப்பாயத்தோடு நிற்காமல் மேலே சீலையும் போட்டபோது 1822-இல் கல்குளம் பக்கம் கலகம். 1829 பிப்ரவரி 3-இல் வந்த அரசாணை, குப்பாயம் சரி, மேல்சீலை கூடாது என்றது. 1858 கடைசியிலும் 1859 தொடக்கத்திலும் மறுபடி நாகர்கோவில், கோட்டாறு பக்கமெல்லாம் கலவரம். சந்தைக்குப் போன பெண்களின் சீலையைக் கிழித்தார்கள், வீடுகள் எரிந்தன. சென்னை கவர்னர் டிரெவெல்யன் நெருக்கினார். 1859 ஜூலை 26-இல் உத்திரம் திருநாள் மகாராஜா ஆணை பிறப்பித்தார்: நாடார் பெண்கள் எப்படி வேண்டுமானாலும் மேலே மறைத்துக்கொள்ளலாம், மேல்சாதிப் பெண்கள் உடுத்துவது போல மட்டும் கூடாது. அனுமதி கொடுத்த ஆணையிலேயே ஒரு முடிச்சு.

ஆண்களுக்கும் உண்டு. சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் தம்மிடம் வந்த ஆண்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு கும்பிடச் சொன்னார். இன்றும் பதிக்குள் அப்படித்தான் நிற்கிறார்கள். அதற்கு முன் அந்தத் தலைகளில் இருந்தது சுமை மட்டுமே என்பதை நினைத்துப் பார்த்தால், ஒரு முழத் துணியின் கனம் தெரியும்.

சோழர் காலச் சிலைகளில் அரசிகளுக்கும் மேலாடை இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அன்று அக்காவிடம் அதைத்தான் சொன்னேன். செம்பியன் மாதேவி என்று சொல்லப்படும் செப்புத் திருமேனி வாஷிங்டனில் இருக்கிறது, அதிலும் அப்படித்தான் என்றேன். அக்கா சொன்ன பதில்: "அவ போடாம இருந்தா அண்ணாச்சி. எங்க பூட்டியைப் போடவிடல்லை." பற்றும் வரவும் ஒரே தொகையாக இருக்கலாம், ஆனால் ஒரே பதிவு ஆகாது. இதை அவர் எனக்கு என் பாஷையிலேயே சொல்லிக் கொடுத்தது போல இருந்தது.

பென்சில்வேனியா சங்கத்தில் சேருகிற எல்லோரையும் சிறு பிரபு குலத்தவர் என்றே வைத்துக்கொள்வார்கள். அங்கே யாரும் அடிமை வேடம் கட்ட வேண்டியதில்லை. அப்போது அதை ஒரு விளையாட்டு ஏற்பாடு என்று நினைத்தேன். இப்போது அதில் ஒரு புத்திசாலித்தனம் தெரிகிறது, ஒரு தப்பித்தலும் தெரிகிறது. பழைய உடுப்பு எடுக்கும்போது நாம் எல்லோரும் ராஜாவின் பெட்டியில்தான் கை விடுகிறோம். நானும் அப்படித்தான் விட்டேன். எனக்கு அந்தக் கேள்வியே தோன்றாமல் இருந்ததற்கு என் வீட்டுப் பழைய கதைகளும் காரணம் என்று அன்று ராத்திரி படுத்திருந்தபோது நினைத்துக்கொண்டேன்.

அக்கா மறுநாளே தையல் மெஷினை எடுத்தார். வெள்ளைக் காடாத் துணி இரண்டு மீட்டர். உடம்பில் தொளதொளவென்று நிற்கும் குப்பாயம், முழுக்கை. கையாலேயே ஓரம் மடித்தார். அதன் மேல், தோளைச் சுற்றி ஒரு சீலை. பேத்திக்குப் பதினோரு வயது. மேடையில் அவள் மூன்று வாக்கியம் பேசினாள்: தன் பெயர், 1859 ஜூலை 26 என்ற தேதி, அன்றைக்கு என்ன ஆணை வந்தது என்பது. கூட்டத்தில் சிலர் இது என்ன வேடம் என்று பக்கத்தில் கேட்டார்கள். பின்வரிசையில் வயதான பெண்கள் இரண்டு மூன்று பேர் கேட்கவில்லை, கை தட்டினார்கள்.

நான் இந்த முறை நடுவர் இல்லை. முதல் பரிசு ஒரு வெல்வெட் ராஜராஜனுக்குப் போனது. வசனம் நன்றாகப் பேசினான், குறை சொல்வதற்கில்லை. என் பேரனுக்கு ஆறுதல் பரிசு ஒரு டிபன் பாக்ஸ். மேடையில் தார் அவிழ்ந்துவிட்டது, ஊக்கு காப்பாற்றியது.

செலவு விவரம் கேட்டிருந்தீர்கள். அட்டை, பசை, வண்ணம், ஆசாரிக்குக் கொடுத்தது எல்லாம் சேர்த்து நானூற்று அறுபது ரூபாய். வேட்டி, சுளகு, கவரிங் செட் வீட்டில் இருந்தவை. வாள், கேடயம், கிரீடம் மூன்றையும் சங்க அலுவலக அலமாரியில் வைத்திருக்கிறேன். வேண்டுகிறவர்கள் செயலாளரிடம் நோட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ளலாம். குப்பாயத்தையும் அதோடு வைக்கலாமா என்று அக்காவிடம் கேட்டேன். தர முடியாது என்று சொல்லிவிட்டார். அவர் வீட்டுப் பீரோவில் மடித்து வைத்திருக்கிறார்.